எத்தனை நாளா இருமல்ங்க?

முன்பின் தெரியாதவரைப் பார்த்து, வணக்கம்கூடச் சொல்லாமல், "இருமல் இருக்குதுங்களா?" என்று கேட்பதுதான் என் தொழில்.

திருப்பூரில் ஓர் அரசு ஆஸ்பத்திரி. ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பினால் ஒரு சின்ன மேசை. அதன்மேல் மாஸ்க் பெட்டி, ஒரு நோட்டு, கயிறு கட்டிய பேனா. பின்னால் நான். கால் வலிக்கு வந்தாலும் கண் வலிக்கு வந்தாலும் என்னைத் தாண்டித்தான் டாக்டரிடம் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, சாயங்காலமானால் காய்ச்சல் வருகிறதா, எடை குறைந்திருக்கிறதா, சளியில் ரத்தம் வந்ததா என்று நாலு கேள்வி கேட்பேன். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மாஸ்க் மாட்டிவிட்டு, வெளியே மரத்தடியில் காற்றோட்டமாகப் போட்டிருக்கும் பெஞ்சில் உட்காரவைத்து, சளிப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவேன். டி.பி.யோ ஃப்ளூவோ கொரோனாவோ, ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் கூடத்துக்குள் அது நுழையக் கூடாது. அவ்வளவுதான் வேலை. ஒரு மணி நேரம் கால் கடுக்க நின்றவர் கடைசியில் என் முகத்தில் விழிக்கும்போது எப்படிப் பார்ப்பார் என்பது வரிசையில் நின்று பழகிய உங்களுக்கே தெரியும். இதே மாதிரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

பஞ்சின் மேல் பழி

இந்த ஊரில் யாருக்கு இருமல் வந்தாலும் பழி பஞ்சுக்குத்தான். "பஞ்சுங்க" என்ற ஒரே சொல்லில் என் நாலு கேள்விக்கும் பதில் முடிந்துவிடும். பனியன் கம்பெனி வாசலையே மிதிக்காத ஆட்டோ டிரைவர்கூட அப்படித்தான் சொல்வார்.

பழனிசாமிக்கு நாற்பது வயது இருக்கும். பெருமாநல்லூர் பக்கம் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். கையில் போட்ட தையலைப் பிரிக்க வந்தார். பேர் சொல்வதற்குள் மூன்று முறை இருமினார். "பஞ்சுங்க. இருபது வருஷமா இருக்குதுங்க" என்றார். எடை? "அப்படியேதானுங்க இருக்கறேன்." அவர் பெல்ட்டைப் பார்த்தேன். கடையில் வாங்கும்போது இருந்த ஓட்டைகளைத் தாண்டி, ஆணியால் குத்திய ஓட்டைகள் வரிசையாக மூன்று இருந்தன. "இதையும் பஞ்சுதான் குத்துச்சுங்களா?" என்றேன். சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அதற்கப்புறம் அவர் வாதாடவில்லை.

டி.பி. என்று ரிசல்ட் வந்தது. ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாளும் விடக் கூடாது, ஆரம்பத்தில் ரெண்டு வாரமாவது வேலைக்குப் போக வேண்டாம், வீட்டில் எல்லோரையும் பரிசோதனைக்குக் கூட்டிவர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். மனிதர் உடைந்துபோவார் என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். பெல்ட்டை இறுக்கிக்கொண்டே அவர் கேட்டது இதுதான்: "இத்தனை வருஷமா பஞ்சுன்னு சொல்லி லீவு கேட்டேன், ஒரு நாள் குடுக்கலைங்க. இதுக்காச்சும் குடுப்பாங்களாங்க?"

காசியா, பாட்னாவா?

வரிசையில் வடக்கே இருந்து வந்த தொழிலாளிகள் நிறையப் பேர் நிற்பார்கள். அவர்களிடம் கேட்பதற்காக லேப் டெக்னீஷியன் ஜெபராஜ் எனக்கு இந்தி சொல்லிக்கொடுத்தார். அவரே தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவருக்கு இந்தி சொல்லிக்கொடுத்தது செல்போன். இருமலுக்கு 'காசி' மாதிரி ஒரு சொல், கொஞ்சம் மூக்கால் சொல்ல வேண்டும் என்றார். என் மூக்கு ஒத்துழைக்கவில்லை. முதலில் வந்த இளைஞனிடம், "காசி ஹை?" என்று கேட்டேன். "நஹீ தீதி, பாட்னா" என்றான். காது கேட்கவில்லையோ என்று, "காசி! காசி!" என்று சத்தமாகக் கேட்டேன். அவன் பொறுமையாகச் செல்போனை எடுத்து வரைபடத்தில் காசி எங்கே இருக்கிறது, தன் ஊர் எங்கே இருக்கிறது என்று விரலால் கோடு போட்டுக் காட்டினான்.

வேறு வழியில்லாமல் நானே நாலு தடவை பலமாக இருமிக் காட்டினேன். பின்னால் நின்ற வரிசை மொத்தமும் இரண்டடி தள்ளிப் போய்விட்டது. அந்தப் பையன் முகம் மலர்ந்து, "ஓ, இருமலா? அக்கா, தமிழ்லயே கேளுங்க. நான் வந்து ஆறு வருசம் ஆச்சு" என்றான்.

நிறைந்த டப்பா

சளி வாங்குவது லேசான காரியமில்லை. டப்பாவைக் கொடுத்தால் பாதிப் பேர் எச்சிலைத் துப்பிக் கொண்டுவருவார்கள். அதனால் எல்லோருக்கும் ஒரே பாடம் நடத்துவேன்: காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சுக்குள் இருந்து இருமி எடுக்க வேண்டும். கொமரலிங்கத்துக்காரர் ஒருவர், விவசாயி, திருப்பூரில் மகன் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு மாத இருமல். தலையை ஆட்டி ஆட்டிப் பாடத்தைக் கேட்டுக்கொண்டு போனார். எவ்வளவு வேண்டும் என்று சொல்ல மறந்தது என் தப்பு.

மறுநாள் டப்பா விளிம்பு வரை நிறைந்து வந்தது. ஜெபராஜ் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது ஒத்த ஆளு வேலை இல்ல" என்றார். விசாரித்தேன். "டப்பா பெருசா இருந்துதுங்க. எனக்கு அடிமட்டம்தான் வந்துது. கொறையாக் குடுத்தா திருப்பி அனுப்பிருவீங்கன்னு, ஊட்டுல ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கொட்டிவிட்டு வேறு டப்பா கொடுக்கப் போனவள், சட்டென்று நின்றேன். "எல்லாருக்கும் சளி வந்துதுங்களா?" "மகனுக்கு வெறும் எச்சில்தானுங்க. இவளுக்குத்தான் நல்லா வந்துது" என்று பின்னால் கையைக் காட்டினார்.

அவர் மனைவி மஞ்சப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட் ஓரம் நின்றிருந்தார். இரண்டு மாதமாக இருமலாம். மருந்து வாங்க வந்தது வீட்டுக்காரருக்கு என்பதால் தன்னைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. இருவருக்கும் தனித்தனி டப்பா கொடுத்துப் பார்த்ததில் வீட்டுக்காரருக்கு ஒன்றுமில்லை, சாதாரணச் சளி. அந்த அம்மாவுக்குத்தான் டி.பி. இருந்தது. மாத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது வீட்டுக்காரர் என்னிடம் ரகசியம் போலச் சொன்னார்: "டப்பா சின்னதா இருந்திருந்தா இவளக் கண்டே புடிச்சிருக்க மாட்டீங்க, பாத்துக்கங்க."

முதலாளிக்கு இடம்

இப்ராஹிம் பாய் சின்னதாக ஒரு பனியன் யூனிட் நடத்துகிறவர். மாதாமாதம் சர்க்கரை மாத்திரைக்கு எங்களிடம்தான் வருவார். ஒரு தடவை இருமிக்கொண்டே வந்தார். மரத்தடி பெஞ்சைக் காட்டினேன். "ஏம்மா, நம்ம கம்பெனி ஆளுக யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க? அவங்கள்ல யாருக்காவது இருந்து நமக்கு ஒட்டியிருக்குமோ என்னமோ" என்று தயங்கினார். தயங்கியதற்கு ஏற்ற மாதிரி, அவருடைய டெய்லர் முருகேசன் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதலாளியைப் பார்த்ததும் முருகேசன் பதறி எழுந்து, துண்டால் பெஞ்சைத் தட்டி, "உக்காருங்க பாய்" என்று இடம் கொடுத்தார். நான் இரண்டு டப்பாவை நீட்டினேன். முருகேசன் தன்னுடையதைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "மொதல்ல நீங்க துப்புங்க பாய், நான் அப்பறம் துப்பிக்கறேன்" என்றார். அந்த மரியாதையைப் பார்த்து ஜெபராஜ் லேப் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்.

ரிசல்ட்டில் முருகேசனுக்கு ஒன்றுமில்லை. பாய்க்குத்தான் டி.பி. இருந்தது. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இது சீக்கிரம் பிடிக்கும் என்று விளக்கினேன். அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. அடுத்த நாளே கம்பெனியைச் சாத்திவிட்டு, அத்தனை பேரையும் ஒரு வேனில் ஏற்றி எக்ஸ்ரே எடுக்க அனுப்பிவைத்தார். யாருக்கும் இல்லை என்று போனில் சொன்னேன். பாய் மெதுவாகச் சொன்னார்: "நம்ம கிட்ட இருந்து முருகேசனுக்கு ஒட்டியிருந்தா, அவன் பிள்ளைகுட்டிகளுக்கு நான் என்னம்மா பதில் சொல்லியிருப்பேன்?"

ஆமாங்க

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். காய்ச்சல் சீசன், வரிசை ரோடு வரைக்கும் நின்றது. சின்னச்சாமி என்று சாயப்பட்டறைத் தொழிலாளி ஒருவர் மனைவியோடு வந்தார். அவசரத்தில் நான் கேட்டது: "நாலு நாளா இருமலுங்களா?" "ஆமாங்க" என்றார். "காய்ச்சல் விட்டுருச்சுங்களா?" "ஆமாங்க." "இப்பப் பரவாயில்லைங்களா?" "ஆமாங்க." சாதாரணக் காய்ச்சல் வரிசைக்கு அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். மூச்சு வாங்கியது, துண்டில் ரத்தம். டி.பி.யால் இரண்டு பக்க நுரையீரலும் அடிபட்டிருந்தது. ஒரு மாதம் வார்டில் கிடந்து, பிழைத்துக்கொண்டார். அந்த மாதம் முழுக்க நான் சரியாகச் சாப்பிட்டேனா என்று எனக்கு ஞாபகமில்லை. ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வார்டுக்குப் போய், அவர் மனைவி பூங்கொடியிடம், அன்றைக்கு நான் சரியாக விசாரித்திருக்க வேண்டும், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அந்தப் பெண் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை. கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நாலு மாசமான்னு கேட்டிருந்தாலும் ஆமாங்கன்னுதான் சொல்லியிருப்பாருங்க. கலியாணத்தன்னைக்கு இருந்து அப்படித்தான். எப்ப இருந்துன்னு கேக்கோணுங்க இவரை." இன்றுவரைக்கும் என் மேசையில் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன், அன்றைக்குப் பூங்கொடி கடைசியாகச் சொன்னதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்: "எல்லாரையும் அப்படியே கேளுங்க சிஸ்டர்."

மேசைக்கு இந்தப் பக்கம்

மூன்று வாரமாக எனக்கே இருமல். ஃபேன் தூசி என்று நினைத்தேன். ஐஸ் மோர் என்று நினைத்தேன். ஒரு நாள் பஞ்சாக இருக்கும் என்றுகூட நினைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெபராஜ் கவனித்துவிட்டு, "எத்தன நாளாக்கா?" என்றார். "ரெண்டு நாளா" என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் பேசாமல் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் நோட்டின் மேல் வைத்தார்.

மிஷினில் ரிசல்ட் வர இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரம் அதே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். காலையில் நானே உட்காரவைத்த ஒரு பெண், நானும் மாஸ்க் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துகொண்டார். என் மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். முந்தின நாள் அவள் மிச்சம் வைத்த தோசையை நான் சாப்பிட்டதும், நான் குடித்த காபியில் அவள் ஒரு வாய் குடித்ததும் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. எத்தனை பேரை இங்கே உட்காரவைத்து, "பயப்படாதீங்க, ரெண்டு மணி நேரந்தான்" என்று சொல்லியிருக்கிறேன்! கடைசியில் ஜெபராஜ் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். "டி.பி. இல்லக்கா. பொய் சொல்லுத வியாதிதான் இருக்கு. அதுக்கு நம்ம லேப்ல டெஸ்ட் கெடையாது."

சித்தி

மாரியம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இருபது வயது இருக்கும். கார்மெண்ட்ஸில் வேலை, கம்பெனி ஹாஸ்டலில் வாசம். சளி கொடுத்தாள், போன் நம்பர் கொடுத்தாள், போய்விட்டாள். மறுநாள் டி.பி. என்று தெரிந்து போன் போட்டால், எடுத்தவர் கரூரில் டயர் கடை வைத்திருக்கிறாராம். மாரியம்மாள் என்று யாரும் அவருக்குச் சொந்தத்திலேயே இல்லையாம். சீட்டில் 'பெருமாநல்லூர் ஹாஸ்டல்' என்று மட்டும் இருந்தது. அங்கே எத்தனை கம்பெனி, எத்தனை ஹாஸ்டல்! அவள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய பட்டை மாம்பழ நிறம் என்பது மட்டும் எனக்கு ஞாபகம் இருந்தது. மத்தியானம் பஸ் ஏறிப் போய், டீக்கடை, பஸ் ஸ்டாப் என்று கேட்டுக் கேட்டு, இரண்டு கம்பெனி தவறிப் போய், மூன்றாவது கேட்டில் அந்த நிறப் பட்டையைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து வருகிறேன் என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் ஹாஸ்டல் முழுக்கத் தெரிந்துவிடும். "மாரியம்மாளோட சித்தி" என்றேன். வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சங்கரன்கோவில் பொண்ணுக்குச் சித்திங்கறீங்க, பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சாட்ட இருக்குதுங்களே?" "இங்கதானுங்க கட்டிக் குடுத்தாங்க" என்றேன். மாரியம்மாள் வந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. சுவர் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். "கல்யாணம் பேசியிருக்காவ அக்கா. இது தெரிஞ்சா அம்புட்டுதான். தானா சரியாப் போயிராதா?" என்று அழுதாள். போகாது என்றேன். நம்பவில்லை. "ராத்திரி உனக்குப் பக்கத்துல படுக்கறது யாரு கண்ணு?" என்று கேட்டேன். "எங்க அத்த மவ" என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வருவாளா மாட்டாளா என்று அன்று முழுக்கத் தவிப்பாக இருந்தது. மறுநாள் காலையில் வரிசையில் முதல் ஆளாக நின்றாள், அத்தை மகளையும் கூட்டிக்கொண்டு. அத்தை மகளுக்கு ஒன்றுமில்லை. டாக்டரிடம் சொல்லி, அந்த ஹாஸ்டலில் எல்லோருக்கும் பொதுவாக மருத்துவ முகாம் மாதிரி வைத்துப் பரிசோதித்தோம். யார் பெயரும் வெளியே வரவில்லை. மாரியம்மாள் ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்து, ஆறு மாதமும் மாத்திரையை விடாமல் முடித்தாள். மாப்பிள்ளை வீட்டில் அவளே சொல்லிவிட்டாளாம். அவர்கள் 'முழுசாக் குணமாகட்டும், அப்புறம் தேதி வைப்போம்' என்றார்களாம். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோது என்னிடம் சொன்னாள்: "எங்க அம்மாவுக்குக் கூடப்பொறந்தவுகளே கெடையாதுக்கா. அந்த வாட்ச்மேன் மாசாமாசம் 'சித்தி சவுக்கியமா'ன்னு கேக்காரு. நல்லாருக்காவன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்."

பந்தியில்

இந்த வேலையின் கெடுதி என்னவென்றால் காது வேலை நேரத்தோடு நிற்காது. மடத்துக்குளத்தில் நாத்தனார் மகன் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். ரசம் ஊற்றிக்கொண்டு வந்த பெரியவர் தோளில் வாயைப் புதைத்து இருமினார். நாலாவது இருமலில் என்னால் சோற்றைப் பிசைய முடியவில்லை. கைகழுவிவிட்டு அவரைச் சமையல்கட்டு ஓரமாகக் கூப்பிட்டேன். எப்ப இருந்து? மூன்று மாதமாம். கைப்பையில் இருந்த மாஸ்க்கைக் கொடுத்து, பரிமாற வேண்டாம், வெளியே உட்கார்ந்து தாம்பூலப் பை போடுங்கள் என்றேன். அவர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார். பரிமாற ஆள் குறைந்து, அடுத்த பந்தியில் மாப்பிள்ளையின் தாய்மாமனே ரச வாளியைத் தூக்க வேண்டியதாகிவிட்டது.

திங்கட்கிழமை அந்தப் பெரியவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டி.பி. இல்லை, வருஷக்கணக்காக விறகுப் புகையில் நின்று வந்த இழுப்பு. மூச்சில் இழுக்கும் மருந்து எழுதிக்கொடுத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். இதை நாத்தனாரிடம் போனில் சொல்லி, எல்லோரும் பயப்படாமல் இருங்கள் என்றேன். பயப்பட்டது நான் ஒருத்திதான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நாத்தனாரின் கோபமெல்லாம் ரசத்தைப் பற்றித்தான். "கலியாணத்துக்கு வந்தா எல்லாரும் பொண்ணையும் மாப்பிள்ளையையும் பாப்பாங்க. நீ ஒருத்திதான் எவன் இருமறான்னு பாத்துட்டு இருக்கறே!"

யாருமே வராமல் காற்றாட வேண்டும் என்று கடைக்காரியே வேண்டிக்கொள்கிற கடை இந்த ஊரில் என் மேசை ஒன்றுதான், அதுவும் இன்றுவரை ஒரு நாளாவது காற்றாடியதில்லை.